வாய்ப் புற்றுநோயில் ஏபிஓ இரத்தவகை மரபணு: கோபன்ஹேகன் ஆய்வுகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவரின் இரத்தவகை பிறப்பு முதல் இறப்பு வரை மாறாது என்பது பொதுவான அறிவு. இரத்த வங்கியில் பதியப்படும் வகையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் ஏ வகை இரத்தம் உடைய ஒருவரின் நாக்கோரத்தில் செதிள் செல் புற்றுநோய் தோன்றி, அந்தக் கட்டியிலிருந்து வெட்டியெடுத்த திசுச் சீவலை ஏ ஆன்டிஜெனுக்கான (செல்லின் மேற்பரப்பில் அமைந்து இரத்தவகையைத் தீர்மானிக்கும் பொருளுக்கான) எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றிப் பார்க்கும்போது, பக்கத்தில் உள்ள இயல்பான சளிப்படலம் நிறமேறியிருக்க, கட்டியின் செல்கள் மட்டும் நிறமற்றிருப்பதை வாய் நோய்க்குறியியலாளர்கள் அரை நூற்றாண்டாகக் கண்டுவருகிறார்கள். அதே சீவலில், கட்டிக்குள் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவரும் அவற்றில் தங்கிய சிவப்பணுக்களும் ஏ ஆன்டிஜெனைத் தெளிவாகவே காட்டுகின்றன. ஆகவே சாயம் பிடிக்கவில்லை என்றோ எதிர்ப்பொருள் கெட்டுவிட்டது என்றோ இதைத் தள்ளிவிட முடியாது. அந்த மனிதரின் உடல் ஏ வகையாகவே இருக்கிறது. அவருடைய கட்டி மட்டும் அப்படி இல்லை.

இந்த முரணை மரபணு வரை பின்தொடர்ந்து சென்ற ஆய்வு வரிசையில் மிகத் தொடர்ச்சியானது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடந்தது. எரிக் டாபெல்ஸ்டீனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களில் ஆன்டிஜென் இழப்பை ஆராயத் தொடங்கினர். 2004-இல் அதே குழு, ஷான் காவோவை முதல் ஆசிரியராகக் கொண்டு, வாய்ச் செதிள் செல் புற்றுநோயில் ஏபிஓ மரபணுவில் நேரும் மரபணு மாற்றங்களையும் மேல்மரபியல் மாற்றங்களையும் (டிஎன்ஏவின் எழுத்து மாறாமலே மரபணுவின் செயல்பாடு மாறுவது) ஒருங்கே ஆராய்ந்த கட்டுரையைச் சர்வதேசப் புற்றுநோய் இதழில் வெளியிட்டது. அந்த வரிசையையே இங்கு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, ஆன்டிஜென் மறைவுக்குப் பின்னால் மரபணு என்ன நிலையில் இருக்கக்கூடும், அதை எந்தச் சான்றால் பிரித்தறிவது, மருத்துவத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

மரபணுவும் அதன் விளைபொருளும்

இரத்தவகை ஆன்டிஜென்களை மரபணு நேரடியாக உருவாக்குவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஏ, பி ஆகிய இரண்டும் சர்க்கரை அமைப்புகள். ஏபிஓ மரபணு ஒரு நொதிக்கான குறிப்பை மட்டுமே தருகிறது. அந்த நொதி, செல்லின் கோல்கி உறுப்பில் இருந்தபடி, ஏற்கெனவே தயாராக உள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இன்னொரு சர்க்கரையைச் சேர்க்கிறது. ஏ நொதி என்-அசிட்டைல்கேலக்டோசமைனைச் சேர்க்கும். பி நொதி கேலக்டோஸைச் சேர்க்கும். இவ்விரண்டும் சேர்வதற்கு அடிப்படையாக எச் ஆன்டிஜென் என்னும் அமைப்பு இருந்தாக வேண்டும். அதை 19ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்யூடி1, எஃப்யூடி2 ஆகிய மரபணுக்களின் நொதிகள் ஃபியூகோஸைச் சேர்த்து உருவாக்குகின்றன. எச் அமைப்பே உருவாகாதவர்களிடம் ஏபிஓ மரபணு நன்றாக இருந்தும் ஏ, பி எதுவும் தோன்றாது. 1952-இல் மும்பையில் ஒய். எம். பேண்டேயும் சக ஆய்வாளர்களும் விவரித்த 'பாம்பே' இரத்தவகை இதற்குச் சான்று.

ஏபிஓ மரபணு 9ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில், அதன் நுனிக்கு அருகே 34ஆம் பட்டையில் உள்ளது. ஏழு எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள், கொண்ட இதில், நொதியின் வினைபுரியும் பகுதிக்கான குறிப்பில் பெரும்பங்கு 6, 7 ஆகிய கடைசி எக்ஸான்களில் இருக்கிறது. 1990-இல் ஃபுமிஇச்சிரோ யமமோட்டோ, ஹென்ரிக் கிளாசன், சென்-இட்டிரோ ஹகோமோரி ஆகியோரின் குழு இந்த மரபணுவின் வரிசையைக் கண்டறிந்து வெளியிட்டபோது, கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட வேறுபாட்டுக்கு மூலக்கூறு விளக்கம் கிடைத்தது. 354 அமினோ அமிலங்கள் கொண்ட நொதியில் ஏ-யும் பி-யும் நான்கே இடங்களில் வேறுபடுகின்றன. ஓ அல்லீலின் (அல்லீல் என்பது ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) மிகப் பரவலான வடிவத்தில் 261ஆம் இடத்தில் குவானின் என்னும் டிஎன்ஏ எழுத்து ஒன்று விடுபட்டிருப்பதால், அதற்கு அடுத்த குறிப்பு முழுவதும் இடம்பிறழ்ந்து, செயலற்ற துண்டுப் புரதமே உருவாகிறது. ஆகவே ஓ என்பது ஓர் ஆன்டிஜெனின் பெயரன்று. ஏ-யோ பி-யோ சேர்க்கப்படாமல் எச் அமைப்பு அப்படியே எஞ்சிய நிலையின் பெயர்.

வாயில் இந்த ஆன்டிஜென்கள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் நிகழ்வின் முதல் சிக்கல் தொடங்குகிறது. கன்னத்தின் உட்புறம் போன்ற, கெரட்டின் என்னும் கடினப் புரதம் படியாத பகுதிகளில், எபிதீலியத்தின் (சளிப்படலத்தின் மேலுறைத் திசுவின்) அடித்தளச் செல்களில் எச் அமைப்புக்கும் முந்தைய குறுகிய சங்கிலியே காணப்படும். அதற்கு அடுத்த அடுக்கில் எச் தோன்றும். அதற்கும் மேலே, முதிர்ந்துவரும் முள் அடுக்குச் செல்களில்தான் ஏ அல்லது பி வெளிப்படும். செல் முதிர்ந்துகொண்டே மேலேறும் வரிசையும், சர்க்கரைச் சங்கிலி நீண்டுகொண்டே போகும் வரிசையும் இவ்வாறு இணைந்தே செல்கின்றன. ஈறு, கடின அண்ணம் போன்ற கெரட்டின் படிந்த பகுதிகளில் ஏ, பி வெளிப்பாடு இயல்பிலேயே குறைவு. எனவே அண்ணத்தில் எடுத்த சீவலில் ஏ ஆன்டிஜென் மங்கியிருப்பதைக் கன்னத்தில் எடுத்த சீவலோடு ஒப்பிட்டு 'இழப்பு' என்று எழுதிவிடுவது பிழையாகும். வெண்படலமாகிய லூக்கோபிளேக்கியாவில் கெரட்டின் மிகுதியாகப் படிவதாலேயே வெளிப்பாடு மாறக்கூடும் என்பதால், அங்கும் எச்சரிக்கை தேவை.

ஆன்டிஜென் மறைவு: 1975 முதல்

1975-இல் டாபெல்ஸ்டீன், ரோட்-பீட்டர்சன், பிண்ட்போர்க் ஆகிய மூவரும் புற்றுநோய்க்கு முந்தைய வாய்ப் புண்களில் எபிதீலியத்தின் ஏ, பி ஆன்டிஜென்கள் இழக்கப்படுவதை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். இவர்களுள் யென்ஸ் பிண்ட்போர்க் என்ற பெயர் இந்திய வாசகர்களுக்கு வேறொரு வகையில் முக்கியமானது. ஃபாலி மேத்தாவுடன் சேர்ந்து 1960-களின் பிற்பகுதியில் கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் சிறீகாகுளம் உள்ளிட்ட மாவட்டங்களில் 50,000-க்கும் மேற்பட்ட கிராம மக்களை வீடு வீடாகச் சென்று வாய்ப் பரிசோதனை செய்த ஆய்வை நடத்தியவர் அவர். பாக்கு மெல்பவர்களிடம் வாய் திறக்க முடியாதபடி கன்னம் இறுகும் சளியடி நாரிழைப்பு நோயைப் பற்றிய அடிப்படைக் கட்டுரைகளை எழுதியவரும் அவரே. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் மிகுந்த தெற்காசியாவின் நோய்ச் சுமையும் ஸ்காண்டிநேவியாவின் ஆய்வகத் திறனும் இந்த ஒரு மனிதரிடத்தில் சந்தித்தன என்று சொல்லலாம். அந்தச் சுமை இன்றும் குறையவில்லை. 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோயின் புதிய நோயாளிகள் சுமார் 3,77,000 பேர். அவர்களில் சுமார் 1,35,000 பேர் இந்தியர்கள். இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பதும் வாய்ப் புற்றுநோயே.

தொடக்கக் காலத்தில் ஆன்டிஜெனைக் கண்டறிய, சிகாகோவில் இஸ்ரேல் டேவிட்சோன் பரவலாக்கிய முறை உட்பட, சீவலின் மீது சிவப்பணுக்களை ஒட்டவைத்துப் பார்க்கும் முறைகளே கையாளப்பட்டன. ஒற்றை மரபு எதிர்ப்பொருள்கள் (ஒரே செல் மரபில் உருவாகி, ஒரே இலக்கை மட்டும் பற்றுபவை) வந்த பிறகு நோயெதிர்ப்புத் திசுச் சாயமுறை அந்த இடத்தைப் பிடித்தது. எந்த முறையானாலும் சில தொழில்நுட்பப் பொறிகள் உண்டு. பாரஃபினில் பதிக்கும்போது திசு ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறுவதால், கொழுப்போடு இணைந்த ஆன்டிஜென் கரைந்துபோகும். புரதத்தோடு இணைந்தது மட்டுமே மிஞ்சும். ஏ2 துணைவகையினரின் நொதி, மரபணுவின் இறுதிப் பகுதியில் ஒரு காரம் (டிஎன்ஏ எழுத்து) விடுபட்டதால் 21 அமினோ அமிலங்கள் நீண்டு, செயலில் தளர்ந்தது. அவர்களின் இயல்பான திசுவே மங்கலாகத்தான் தெரியும். உமிழ்நீரில் ஏ, பி பொருள்களைச் சுரப்பவர்களிடம், மேற்பரப்புச் செல்களில் உமிழ்நீரின் பொருள் படிந்து ஏமாற்றவும் கூடும். இவை எல்லாவற்றையும் விலக்க உதவுவது முன்னர் சொன்ன இரத்தநாள உட்சுவரே. அது நிறமேறாத சீவலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு முன்னேற்றம், ஆன்டிஜெனோடு நிற்காமல் நொதியையே அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களைக் கோபன்ஹேகன் குழுவினர் உருவாக்கியது. சர்க்கரை மறைந்ததற்குக் காரணம் சங்கிலி வேறு பொருளால் மூடப்பட்டதா, நொதியே உருவாகவில்லையா என்ற ஐயத்தை அது தீர்த்தது. நொதியே இல்லை என்று தெரிந்தால், கேள்வி திசுவிலிருந்து மரபணுவுக்கு நகர்கிறது.

அல்லீல் இழப்பு

முதல் வழி, மரபணுவின் ஒரு பிரதி கட்டிச் செல்லிலிருந்து உடல்ரீதியாகவே நீங்கிவிடுவது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. இயல்பான திசுவில் வேறுபட்ட இரண்டு அல்லீல்கள் தெரிந்து, கட்டியில் ஒன்று மட்டுமே தெரிந்தால், மற்றது இழக்கப்பட்டது என்று பொருள். ஆனால் இந்த இழப்பு ஆன்டிஜெனைப் பாதிக்குமா என்பது எந்தப் பிரதி போனது என்பதைப் பொறுத்தது. ஏஓ மரபுவகையினர் ஒருவரின் கட்டியில் ஏ அல்லீல் போய்விட்டால், ஓ மட்டும் எஞ்சி, ஏ ஆன்டிஜென் முற்றாக மறையும். அதே கட்டியில் ஓ அல்லீல் போயிருந்தால் ஆன்டிஜெனில் எந்த மாற்றமும் தெரியாது. ஏபி வகையினரிடம் ஏ போனால் பி தங்கும். ஏஏ வகையினரிடம் ஒரு பிரதி போனாலும் மற்றது செயல்படும். போதாக்குறைக்கு, இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் இழப்பை ஏபிஓ மரபணுவை வைத்து மட்டும் கண்டறியவும் முடியாது, பக்கத்தில் உள்ள வேறு குறியீட்டு வரிசைகளை நாட வேண்டும்.

ஆகவே நோயாளியின் இரத்தவகையை 'ஏ' என்று மட்டும் எழுதிவைப்பது இந்த ஆய்வுக்குப் போதாது. அவர் ஏஏ-யா ஏஓ-வா என்பதை டிஎன்ஏ நிலையில் அறிந்தாக வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று யமமோட்டோவின் கண்டுபிடிப்பிலேயே கிடைத்தது: 261ஆம் இட விடுபாடு, வெட்டு நொதி ஒன்றுக்குரிய இடத்தை அழித்து இன்னொன்றுக்குரிய இடத்தை உருவாக்குவதால், பெருக்கப்பட்ட டிஎன்ஏ துண்டை வெட்டிப் பார்த்தே ஓ அல்லீலைப் பிரித்தறியலாம்.

மாதிரியின் தூய்மையும் இங்கு தீர்மானகரமானது. வாய்க் கட்டியின் ஒரு துண்டில் கட்டிச் செல்களோடு இணைப்புத் திசு, தசை, நிணச்செல்கள் எல்லாம் கலந்தே இருக்கும். அவற்றின் டிஎன்ஏவில் இரண்டு அல்லீல்களும் முழுமையாக இருப்பதால், கட்டியில் நேர்ந்த இழப்பு அந்தக் கலப்பில் அமிழ்ந்துவிடும். நுண்ணோக்கியின் கீழ் கட்டித் தீவுகளை மட்டும் வெட்டியெடுக்காத ஆய்வுகள் அல்லீல் இழப்பைக் குறைத்தே மதிப்பிட்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

புரொமோட்டர் மெத்திலேற்றம்

இரண்டாவது வழியில் மரபணு எங்கும் போவதில்லை. எழுத்து ஒன்றும் மாறுவதில்லை. ஆனாலும் அது படிக்கப்படாமல் போகிறது. டிஎன்ஏவில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் செறிந்திருக்கும் பகுதியைச் சிபிஜி தீவு என்பர். ஏபிஓ மரபணுவை இயக்கிவைக்கும் முன்பகுதியான புரொமோட்டர் அத்தகைய ஒரு தீவிலேயே அமைந்திருக்கிறது. அந்தச் சைட்டோசின்களின் மீது மெத்தில் தொகுதிகள் ஏறிவிட்டால், படியெடுக்கும் புரதங்கள் அங்கே அமர முடியாமல் போகும், டிஎன்ஏவும் புரதங்களும் பின்னிய குரோமட்டினும் இறுகிப்போகும். இந்த நிலை செல் பிரிந்து பெருகும்போதும் மகள் செல்களுக்குக் கடத்தப்படுவதால், எழுத்து மாறாத போதிலும் அது ஒரு மரபுவழி மாற்றமாகவே கணக்கிடப்படுகிறது.

ஏபிஓ மரபணுவுக்கு இது பொருந்தும் என்பதற்கான அடிப்படைச் சான்றை ஜப்பானின் கொமினாட்டோ குழு 1999-இல் முன்வைத்தது. ஏபிஓ மரபணு செயல்படும் செல்வரிசைகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களில்) புரொமோட்டர் மெத்திலேற்றமின்றியும், செயல்படாத செல்வரிசைகள் சிலவற்றில் மிகையாக மெத்திலேற்றம் அடைந்தும் இருப்பதை அவர்கள் காட்டினர். அடக்கப்பட்ட ஒரு செல்வரிசைக்கு மெத்திலேற்றத்தை நீக்கும் மருந்தைக் கொடுத்தபோது மரபணு மீண்டும் இயங்கத் தொடங்கியது. அல்லீல் இழப்புக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே: தொலைந்த பிரதியை மருந்தால் மீட்க முடியாது, அடக்கப்பட்டதை மீட்க முடியும்.

மெத்திலேற்றத்தைக் கண்டறியும் முறை எளிய ஒரு வேதியியல் உண்மையைப் பற்றிக்கொள்கிறது. டிஎன்ஏவை பைசல்ஃபைட் கரைசலில் வைத்தால், மெத்தில் ஏறாத சைட்டோசின் யுராசிலாக மாறிவிடும். மெத்தில் ஏறியது மாறாது. பிறகு அந்தப் பகுதியைப் பெருக்கி, வரிசையைப் படித்தோ, உருகும் வெப்பநிலையை ஒப்பிட்டோ, இரண்டையும் வேறுபடுத்தலாம்.

2004ஆம் ஆண்டுக் கோபன்ஹேகன் கட்டுரை இவ்விரு வழிகளையும் ஒரே நோயாளிகளின் கட்டிகளில் அருகருகே வைத்துப் பார்த்தது என்பதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது. முன்னைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆன்டிஜெனை மட்டும் பார்த்தன அல்லது குரோமோசோம் இழப்பை மட்டும் பார்த்தன. இங்கு அல்லீல் இழப்பு கட்டிகளில் ஒரு சிறு பகுதியிலும், புரொமோட்டர் மெத்திலேற்றம் அதைவிடக் கூடுதலான கட்டிகளிலும் காணப்பட்டன. ஆன்டிஜென் மறைந்த எல்லாக் கட்டிகளையும் இவ்விரண்டும் சேர்ந்தும் விளக்கிவிடவில்லை. என் கணிப்பில் இந்தக் கடைசிச் செய்தியே மற்ற இரண்டையும்விடப் பயனுள்ளது. ஏனெனில் அது மூன்றாவது ஒரு வழியைத் தேடச் சொல்கிறது.

மூன்றாவது வழி

மரபணு முழுமையாக இருக்கிறது, புரொமோட்டரும் திறந்தே இருக்கிறது, ஆயினும் நொதி இல்லை. இது எப்படி நிகழும்? வாயில் ஆறும் காயத்தின் ஓரத்தைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. காயத்தை மூடுவதற்காக ஓரத்திலிருந்து உள்நோக்கி நகரும் எபிதீலியச் செல்களில் சர்க்கரை அமைப்புகள் மாறி, முதிர்ந்த நிலைக்குரிய ஏ, பி ஆன்டிஜென்கள் குறைந்துபோகின்றன என்பதை டாபெல்ஸ்டீன் குழுவினரே காட்டியுள்ளனர். காயம் மூடியதும் அவை திரும்புகின்றன. அங்கே அல்லீல் எதுவும் தொலையவில்லை. நிலையான மெத்திலேற்றமும் தேவைப்படவில்லை. முதிர்ச்சியை விட்டு நகர்வுக்கு மாறிய செல், முதிர்ச்சிக்குரிய மரபணுக்களின் படியெடுப்பைத் தளர்த்திக்கொள்கிறது, அவ்வளவே. ஏபிஓ மரபணுவுக்குச் சில ஆயிரம் காரங்கள் முன்னால், 43 காரங்கள் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ஒட்டும் படியெடுப்புப் புரதம் மரபணுவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதையும் கொமினாட்டோ குழுவே கண்டறிந்தது. கட்டிச் செல்லில் இத்தகைய கட்டுப்பாடு மட்டும் மாறினாலும் ஆன்டிஜென் மறையலாம்.

ஆகவே, நுண்ணோக்கியில் தெரியும் நிறமின்மை ஒன்றே. அதன் பின்னணி மூன்று. ஒன்று மீளாதது, ஒன்று கடத்தப்படக்கூடியது ஆனால் மீட்கத்தக்கது, ஒன்று தற்காலிகமானது. சாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயின் போக்கை முன்னுரைக்க முயன்ற பழைய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு இந்த மூன்றையும் ஒரே பெயரில் அடக்கியது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

மறைவினால் செல்லுக்கு என்ன நேர்கிறது

ஏ, பி சேராதபோது எச் அமைப்பு மூடப்படாமல் நிற்கிறது. அதோடு இன்னொரு ஃபியூகோஸ் சேர்ந்த லூயிஸ்-ஒய் அமைப்பும் கட்டிச் செல்களில் கூடுகிறது. இச்சங்கிலிகள் தாங்கியிருக்கும் புரதங்களில், செல்லை அதன் அடித்தளத்தோடு பிணைக்கும் இன்டெக்ரின்களும் உண்டு. 1997-இல் ஹகோமோரியின் ஆய்வகத்தில் இச்சிகாவா முதலானோர் ஏ, பி ஆன்டிஜென் இல்லாத புற்றுச் செல்களுக்குள் ஏ மரபணுவையும் பி மரபணுவையும் தனித்தனியே புகுத்தியபோது, அச்செல்கள் பரப்பின் மீது ஊர்ந்து நகரும் திறன் குறைந்தது. காயத்தின் ஓரத்தில் நகரும் செல்லில் ஏ குறைவதும், புகுத்தப்பட்ட ஏ நகர்வைக் குறைப்பதும் ஒன்றையொன்று தாங்கும் சான்றுகள். எலும்பையும் தசையையும் ஊடுருவிக் கழுத்து நிணக்கணுக்களுக்குப் பரவுவதே வாய்ப் புற்றுநோயின் ஆபத்து என்பதால், நகர்வு குறித்த இந்தத் தரவு புறக்கணிக்கத்தக்கதன்று.

மற்ற உறுப்புகளிலும் இணையான செய்திகள் உண்டு. 1991-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் ஏ ஆன்டிஜெனைத் தக்கவைத்திருந்த கட்டிகளின் நோயாளிகள், அதை இழந்தவர்களைவிட நீண்டகாலம் வாழ்ந்தனர். சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் ஏ ஆன்டிஜென் இழப்புக்கு அல்லீல் இழப்பும் மெத்திலேற்றமும் காரணமாவதை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். இரத்தப் புற்றுநோயில் நிலைமை இன்னும் வெளிப்படையானது: அங்கே நோயுற்றது இரத்தம் உருவாகும் செல்களே என்பதால், சிவப்பணுவின் ஏ ஆன்டிஜெனே வலுவிழந்து, செல்லைச் சோதித்தால் ஒரு வகையும் சீரத்தைச் சோதித்தால் இன்னொரு வகையுமாக இரத்த வங்கியைக் குழப்பும், ஒரு பகுதி நோயாளிகளில் அதற்கு ஏபிஓ புரொமோட்டர் மெத்திலேற்றமே காரணம் என்பது 2009-இல் வெளியானது. வாய்ப் புற்றுநோயில் எலும்பு மச்சைக்கு இம்மாற்றம் நேர்வதில்லை. அதனால் அந்த நோயாளிக்கு இரத்தம் ஏற்றும்போது வகையைப் பற்றி ஐயுற வேண்டியதில்லை. பெருங்குடலின் பிற்பகுதியோ எல்லாவற்றுக்கும் எதிரானது: பெரியவர்களின் இயல்பான திசுவில் இல்லாத ஆன்டிஜென் கட்டியில் மீண்டும் தோன்றுகிறது. ஏபிஓ வெளிப்பாடு நல்லதா கெட்டதா என்று உறுப்பைக் குறிப்பிடாமல் பேசுவதில் பொருளில்லை.

காரணமா, உடன்போக்கா

மரபணு நிலையில் மாற்றம் இருக்கிறது என்பதாலேயே அது புற்றுநோயை முன்னோக்கித் தள்ளுகிறது என்று ஆகிவிடாது. 9ஆம் குரோமோசோம் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் அடிக்கடி சிதையும் ஒன்று. அதன் குறுங்கரத்தில், செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் பி16 புரதத்துக்கான மரபணு உள்ள பகுதியின் இழப்பு மிகத் தொடக்க நிலையிலேயே காணப்படுகிறது. நீள்கரத்தின் நுனியில், ஏபிஓ மரபணுவிலிருந்து ஏறத்தாழ முப்பது இலட்சம் காரங்கள் தள்ளி, நாட்ச்1 மரபணு உள்ளது. தலை, கழுத்துச் செதிள் செல் புற்றுநோய்களில் அதைச் செயலிழக்கச் செய்யும் பிறழ்வுகள் மிகுதி என்பது 2011-இல் இரு குழுக்களால் ஒரே சமயத்தில் வெளியிடப்பட்டது. குரோமோசோம் கரத்தின் ஒரு பெருந்துண்டு விழும்போது நாட்ச்1 போவது கட்டிக்கு ஆதாயமாகவும், ஏபிஓ போவது வெறும் உடன்போக்காகவும் இருக்கலாம். ஏபிஓ பகுதியில் மட்டும் குறியீட்டு வரிசைகளைச் சோதித்துவிட்டு, அதையே இழப்பின் இலக்கு என்று சொல்ல முடியாது.

இதைச் சோதிக்க ஏஓ மரபுவகையினரே நல்ல வாய்ப்பைத் தருகிறார்கள். இழப்பு தற்செயலானதாக இருந்தால், பாதிக் கட்டிகளில் ஏ-யும் மறுபாதியில் ஓ-வும் போயிருக்க வேண்டும். ஏ போன கட்டிகளே தெளிவாக மிகுந்திருந்தால், ஏ இல்லாத செல்களுக்கு ஏதோ ஆதாயம் இருக்கிறது என்று வாதிடலாம். அவ்வாறு வாதிடுவதற்குப் பெரிய எண்ணிக்கையிலான நோயாளிகள் வேண்டும். ஒரு மருத்துவமனையின் சில பத்துக் கட்டிகள் போதா.

மெத்திலேற்றத்துக்கும் இதே கேள்வி உண்டு. புற்றுச் செல்களில் சிபிஜி தீவுகள் பலவும் ஒருசேர மெத்திலேற்றம் அடைவது வழக்கம். அந்த அலையில் ஏபிஓ புரொமோட்டரும் சிக்கியிருக்கலாம். கூடவே, 1953-இல் டேன்லி ஸ்லாட்டரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த கருத்தின்படி, புகையிலையும் பாக்கும் படும் வாயில் கட்டியைச் சுற்றி, கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் ஒரு பரப்பே மாறுதலுக்கு உள்ளாகியிருக்கக்கூடும். கட்டியின் விளிம்பிலிருந்து எடுத்த 'இயல்பான' திசுவை ஒப்பீட்டுக்கு வைத்தால் அந்த மாறுதல் நம் பார்வையிலிருந்து தப்பிவிடும். ஒப்பீட்டுக்கு நோயாளியின் இரத்த டிஎன்ஏவும், நோயற்றவரின் அதே இடத்துச் சளிப்படலமும் இரண்டுமே தேவை.

நோயாளியிடம் என்ன சொல்லலாம் என்பதில் குழப்பம் மலிந்திருப்பதால் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பிறப்பில் அமைந்த இரத்தவகைக்கும் நோய் வாய்ப்புக்கும் உள்ள தொடர்பு வேறு கேள்வி. ஏ வகையினருக்கு இரைப்பைப் புற்றுநோய் சற்று மிகுதி என்பது 1953-இலேயே பிரித்தானிய ஆய்வில் தெரிந்தது. ஓ வகையினருக்குக் கணையப் புற்றுநோய் சற்றுக் குறைவு என்பதற்கு 2009-இல் மரபணுத்தொகை ஆய்வு ஆதரவு தந்தது. வாய்ப் புற்றுநோயில் இத்தகைய ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. கட்டிச் செல் ஏ ஆன்டிஜெனை இழக்கிறது என்ற செய்தியிலிருந்து, 'ஏ வகையினருக்கு வாய்ப் புற்றுநோய் வரும்' என்று முடிவுகட்டுவோர் இரண்டையும் கலக்கிறார்கள். புகையிலையும் பாக்கும் தரும் ஆபத்தின் முன் இரத்தவகையின் பங்கு பேசத்தக்க அளவில் இல்லை. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் புற்றுநோய்க் காரணியாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது.

வெண்படலங்களில் எது புற்றாக மாறும் என்பதை முன்னறிய ஆன்டிஜென் சாயத்தைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் 1970-களிலிருந்தே உண்டு. அது வழக்கமான பரிசோதனையாக நிலைபெறாததற்கு, செல்லின் ஒழுங்கின்மையை நுண்ணோக்கியில் நேரே பார்த்துத் தரப்படுத்துவதைவிட இது கூடுதலாக எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று இன்னும் அடிப்படையானது. தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் மிகுதியாக இருப்பது ஓ வகையே. அவர்களின் திசுவில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாதவரிடம் இழப்பைத் தேட முடியாது.

ஆயினும் பரிசோதனைக்கு உதவாத அதே ஓ வகையினர் ஆய்வுக்கு மிக உதவுவார்கள். அவர்களின் ஏபிஓ புரொமோட்டரில் மெத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் செல்லின் மேற்பரப்பில் ஒரு வேறுபாடும் ஏற்படாது. எனவே அந்த மெத்திலேற்றத்தால் கட்டிக்கு ஆன்டிஜென் வழியாக எந்த ஆதாயமும் கிடைக்காது. ஓ வகையினரின் வாய்க் கட்டிகளிலும் ஏ வகையினரின் கட்டிகளில் உள்ள அதே விகிதத்தில் இந்த மெத்திலேற்றம் இருக்குமானால், அது புற்றுநோயின் பொதுவான மெத்திலேற்ற அலையில் வந்த உடன்போக்கு என்றே கொள்ள வேண்டும். ஏ, பி வகையினரிடம் மட்டும் அது தெளிவாக மிகுந்திருந்தால், ஆன்டிஜெனைக் கைவிட்ட செல்களே அங்கு தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகின என்பதற்கு, சாயமிட்ட சீவல்கள் இதுவரை தராத வலுவான சான்று அதுவாகும்.